பக்கத்து மனையில் எதுவும் வராது

“எதிர்மனுதாரரான ஹேமலதா, பக்கத்து மனையில் எந்தக் கட்டடமும் வராது என்று மனுதாரரிடம் தெரிந்தே பொய் கூறி, மேற்படி வீட்டை வாங்கச் செய்தார்.”

கேட்டீர்களா? தெரிந்தே! வார்த்தைக்கு வார்த்தை அப்படியே சொல்கிறேன், நான் ஒரு எழுத்து கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. மூன்று மாதமாகப் படித்துப் படித்து மனப்பாடமே ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் காலை ஜெபம்கூட எனக்கு இப்படி மனப்பாடம் ஆனதில்லை. எதிர்மனுதாரர் நான்தான். மனுதாரர் அதோ, எதிர் பெஞ்சில் நீலப் புடவை. சுவரில் தொங்குகிற காலண்டரை ஏதோ பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருக்கிறாளே, அவள்தான். பிலோமினா. ஆறாம் வகுப்பிலிருந்து எனக்குப் பக்கத்து இடம். இன்றைக்கு எதிர் இடம்.

மெதுவாகப் பேச வேண்டுமா? எதற்கு? அவள் காதில் விழட்டும் என்றுதானே பேசுகிறேன்.

இந்த ரியல் எஸ்டேட் ஆணையத்துக்கு நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள்? பில்டர் வீட்டை முடித்துத் தரவில்லையா? பாவம். உங்கள் நம்பர் இருபத்திரண்டு என்றால் இன்னும் நேரம் இருக்கிறது, இப்போதுதான் பதினெட்டு உள்ளே போயிருக்கிறார். அந்த வெள்ளைச் சட்டைக்காரர் பதினேழு. ஒரே மனையை மூன்று பேருக்குக் காட்டி மூன்று பேரிடமும் டோக்கன் வாங்கினவராம். வாய்தா வாங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டே வெளியே வந்தார், என்னைப் பார்த்து “என்ன மேடம், நீங்களும் நம்ம லைனா?” என்கிறார். நம்ம லைன்! எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் புரோக்கர் இல்லை. கக்கத்தில் ஒரு பை, பாக்கெட்டில் நாலு போன், பார்க்கிறவரையெல்லாம் “நல்ல பார்ட்டி” என்று சொல்கிற வாய், அது புரோக்கர். நான் ஹோம் மேக்கர். ஹோம் மேக்கர் என்றால் என்ன? வீடு அமைத்துக் கொடுப்பவள். என் வீட்டை அமைத்து முடித்துவிட்டேன், அடுத்தவர்களுக்கும் அமைத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான். பிள்ளைகள் இரண்டும் வெளியூர். என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகி சோபாவில் உட்கார்ந்தார். ஒரு மனுஷர் முழு நேரமும் வீட்டுக்குள் உட்கார்ந்தால் ஒரு மனுஷி வெளியே போகத்தான் வேண்டும், இல்லாவிட்டால் யாராவது ஒருவர் ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும்.

பதிவு செய்தால்தான் இந்த வேலை பார்க்கலாம் என்று சட்டம் வந்ததும் திருச்சியில் எத்தனை பேர் முனகினார்கள் தெரியுமா? நான் முனகவில்லை. முறையாக விண்ணப்பித்து நம்பர் வாங்கினேன். ரேஷன் கார்டில் நான் இன்னாரின் மனைவி. கேஸ் புத்தகம் அவர் பெயரில். வீட்டுப் பத்திரம் அவர் பெயரில். அந்தச் சான்றிதழில் மட்டும் “ஹேமலதா, முகவர்”. பிரேம் போட்டு ஹாலில் மாட்டினேன். புதிதாக ஆணி அடிப்பானேன் என்று எங்கள் கல்யாணப் போட்டோவை இறக்கிவிட்டு அதே ஆணியில் மாட்டினேன். இரண்டு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் இன்னும் கவனிக்கவில்லை.

அந்தச் சான்றிதழைத்தான் இன்றைக்கு ரத்து செய்யப் போகிறார்களாம். இவள் புகாரால்.

இவள் யார் என்று நினைத்தீர்கள்? என் வாட்ஸாப் விளம்பரம் ஒவ்வொன்றையும் திருத்திக் கொடுத்தவளே இவள்தான். எனக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழி பிரெஞ்சு. மார்க் அள்ளிக் கொட்டுவார்கள் என்று அப்பா சேர்த்துவிட்டார். இந்த வயதுவரை ஒரு பிரெஞ்சுக்காரனையும் பார்த்தபாடில்லை, தமிழும் ஒழுங்காக எழுத வராது. பேச்சு எப்படி வருகிறது என்று கேட்கிறீர்களா? பேச்சுக்கு ஸ்பெல்லிங் கிடையாதே. இவள் தமிழ் எடுத்தாள், பரிசு வாங்கினாள், தமிழ் டீச்சராகவே ஆனாள். முதல் விளம்பரத்தில் நான் “காற்றோட்டமான மூன்று அரைகள்” என்று எழுதிவிட்டேன். அடுத்த நிமிஷம் போன். “ஏண்டி ஹேமா, மூணு அரைன்னா ஒன்றரை ரூம்தாண்டி வருது. ரூமுக்குப் பெரிய ற போடு. சின்ன ர போட்டா பாதி. பெரிய ற போட்டா ரூம், இல்லன்னா கன்னத்துல ஒண்ணு. உனக்கு ரெண்டாவதுதான் குடுக்கணும்.” அன்றிலிருந்து அவள் பார்க்காமல் ஒரு வரி நான் போட்டதில்லை. இந்தப் புகார் மனு ஒன்றுதான் நான் கேட்காமலே அவள் எழுதினது. பிழை ஒன்று இல்லை, பார்த்துவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவள் வீட்டுக்காரர் அமல்தாஸ் அண்ணன் ரயில்வேயில் கார்டு. ரிட்டயர் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு வார்த்தை மிச்சம். “லேட்.” சாப்பாடு வேண்டுமா என்றாலும் லேட், டாக்டர் வந்தாலும் லேட். மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான், எங்களோடு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டான். இவளும் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். ஓசூரில் என்ன இருக்கிறது, குளிரைத் தவிர? எனக்கு வீசிங் இருக்கிறது, ஓசூருக்கெல்லாம் நான் அடிக்கடி போய் வர முடியுமா?

அந்த நேரத்தில்தான் பொன்மலைப் பக்கம், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, இரண்டாவது மாடியில் ஒரு ஃப்ளாட் வந்தது. படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் ஒரு காலி மனை, அதைத் தாண்டி ரயில் தண்டவாளம். நடுவில் ஒன்றும் இல்லை. எனக்காகவா யோசித்தேன்? அண்ணனுக்காக யோசித்தேன். நாள் முழுக்க சுவரைப் பார்த்துக் கிடக்கிற மனுஷர் ரயிலைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டுமே என்று யோசித்தேன். இது குற்றமாம்.

வீட்டைக் காட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கதவைத் திறந்து “பாத்துக்கோங்க” என்று நிற்பவன் புரோக்கர். நான் முதல் நாளே போய் ஒட்டடை அடித்து, குழாயைத் திறந்து துருத் தண்ணீரை ஓடவிட்டு, ஃபேன் போட்டு வைத்துவிடுவேன். அன்றைக்கு ரயில் டைம்டேபிளையும் பார்த்து வைத்திருந்தேன். நாலு பத்துக்கு ஒரு பாசஞ்சர். அண்ணனை நாலு பேர் நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுவந்தார்கள். ஹாலைக் காட்டினேன், சமையலறையைக் காட்டினேன், கடைசியாகப் படுக்கையறை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தேன். நாலு ஒன்பதுக்கு ஜன்னல் தாழ்ப்பாளில் கை வைத்தேன். நாலு பத்துக்குத் திறந்தேன்.

வந்தது பாருங்கள் ரயில்! ஒரு நிமிஷம் தாமதமில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ரயில்வே எனக்கு ஒத்துழைத்தது. அண்ணன் இடது கையை மெதுவாகத் தூக்கினார், கொடி காட்டுகிற மாதிரி. கடைசிப் பெட்டி போகிறவரை கீழே இறக்கவில்லை. பிலோ புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். விழாத அந்தக் கையைக்கூட அசைக்காமல் கிடந்தவர். டாக்டரும் பிசியோதெரபியும் ஆறு மாதத்தில் தூக்கவைக்காத கையை நான் ஒரு ஜன்னலால் தூக்கவைத்தேன். இதை அந்தப் புகாரில் எங்கேயாவது எழுதியிருக்கிறாளா? இல்லை. தேவைப்பட்டதை மட்டும் எழுதுவாள். என்னைப் புரோக்கர் என்கிறாள்!

அப்போதுதான் கேட்டாள். “ஹேமா, இந்தக் காலி மனைல ஏதும் கட்டிட மாட்டாங்களேடி?”

“எதுவும் வராதுடி,” என்றேன். “அண்ணன் தம்பி தகராறு. ஒம்போது வருஷமா ரெண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்ல. நம்ம காலத்துல தீராது.”

இதில் என்ன பொய்? அண்ணன் தம்பி உண்மை. தகராறு உண்மை. ஒன்பது வருஷம் உண்மை. தீர்ந்தது எப்போது என்று அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அவ்வளவு கஷ்டமான தகராறைத் தீர்த்தவள் யார் தெரியுமா? நான்தான்! இரண்டு பேரையும் எங்கள் வீட்டுக்கு வரவழைத்து, ஒரே சோபாவில் உட்காரவைத்து, கேசரி கொடுத்து, வெளியே யாருக்கும் தெரியாமல் பேசி முடித்தேன். ஸ்கேன் சென்டர் கட்ட இடம் தேடிக்கொண்டிருந்த ஒரு டாக்டருக்கு அந்த மனையைக் கை மாற்றிவிட்டதும் நான்தான். அந்த இரண்டு பேரில் மூத்தவர் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்த புண்ணியம். அது வியாழக்கிழமை. பிலோ கேட்டது ஞாயிற்றுக்கிழமை. நடுவில் முழுசாக இரண்டு நாள் இருக்கிறது. இரண்டையும் ஏன் முடிச்சுப் போடுகிறார்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

எதுவும் வராது என்று சொன்னேன். சொன்ன அன்றைக்கு அங்கே என்ன இருந்தது? எருக்கஞ்செடி. ஒரு ஆடு. ஆட்டைப் பார்த்து ஸ்கேன் சென்டர் என்று எந்த வாயால் சொல்ல முடியும்?

டாக்டர் வைத்த போர்டு ஒன்று இருந்தது, அது வேறு. “இவ்விடம் விரைவில்” என்று சின்னதாக ஒரு தகர போர்டு. அதை மறைத்து என் காரை நிறுத்தினேனாம். மறைக்கவெல்லாம் இல்லை. வெயில். காருக்குக் கொஞ்சம் நிழல் வேண்டாமா? என்ன கேட்கிறீர்கள்? மரமா? அந்த மனையில் ஏது மரம், பொட்டல் காடு.

சரி விடுங்கள்.

குடி வந்தார்கள். எட்டு மாதம் நன்றாகத்தான் போயிற்று. சாயந்தரம் நாலு மணிக்கு நான் போய்விடுவேன். பிலோ காபி போடுவாள், அண்ணன் கொடி காட்டுவார், ரயில் தாமதமானால் எங்களைப் பார்த்து “லேட்” என்பார். அப்போது அந்த வார்த்தைக்கு அர்த்தமும் இருந்தது. ஒன்பதாவது மாதம் பள்ளம் தோண்டினார்கள். பிலோ கேட்டாள், “என்னடி இது?” தண்ணீர்த் தொட்டியாக இருக்கும் என்றேன். தூண் எழும்பிற்று. காம்பவுண்டாக இருக்கும் என்றேன். இரண்டாவது மாடிக்குத் தளம் போட்டார்கள். அன்றைக்கு அவள் காபி போடவில்லை.

இப்போது அந்த ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளிச் சுவர். பூசாத சுவர். ஜன்னலுக்கு நேர் கீழே ஜெனரேட்டர். ரயில் சத்தம் மட்டும் சுவருக்குப் பின்னாலிருந்து கேட்கும். அண்ணன் அப்போதும் கையைத் தூக்குகிறாராம். ஸ்கேன் சென்டர் வந்ததால் ஆஸ்பத்திரி வசதி பக்கத்திலேயே வந்துவிட்டது, வீட்டு விலையும் ஏறிவிட்டது என்று எடுத்துச் சொன்னேன். அவள் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். காற்றுக்காக என்று நினைத்து நான் இன்னும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மாதம் ஆணையத்திலிருந்து நோட்டீஸ். ஒழுங்கு நடவடிக்கை! எனக்கு! கான்வென்ட்டில் ஏழு வருஷம் ஒழுங்குக்குப் பரிசு வாங்கினவளுக்கு! நாலு பக்கம் இங்கிலீஷில் பதில் அனுப்பினேன். நல்லெண்ணம் என்கிற வார்த்தையை மட்டும் ஆறு இடத்தில் போட்டேன். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. விசாரணைக்குச் சென்னைக்கு வரவேண்டுமே, இவளுக்கு டிக்கெட் போடத் தெரியாதே, இவளுக்கு எல்லாமே நான்தானே போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்று ரயிலில் இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டேன். முழங்கால் வலி என்று அவளுக்குக் கீழ் பர்த். அவள் வரவில்லை. பஸ்ஸில் போய்விட்டாள். கீழ் பர்த்தில் என் ஹேண்ட்பேக் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு வந்தது.

காலையில் பதினோரு மணிக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். நடுவில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும், கண்ணாடி மூக்கு நுனியில். என் நாலு பக்கத்தையும் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அந்தக் காலி மனையை முடிச்சுக் கொடுத்ததும் நீங்கதானே?”

“ஆமாம் மேடம்.”

“அப்ப கட்டடம் வரும்னு உங்களுக்குத் தெரியாதா?”

“மேடம், மனையை முடிச்சது முகவர் ஹேமலதா. பிலோகிட்ட பேசினது ஃபிரெண்ட் ஹேமா. முகவருக்குத் தெரிஞ்ச ரகசியத்தை ஃபிரெண்டு எப்படி வெளியில சொல்ல முடியும்?”

நியாயமான பதில்தானே? டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் சிரித்துவிட்டாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவளைப் பார்த்து, “உங்களுக்கு என்ன நிவாரணம் வேணும்? நஷ்ட ஈடு கேட்கலையே?” என்றார்.

இவள் எழுந்து நின்றாள். வகுப்பெடுக்கிற மாதிரிப் பேசுவாள் என்று நினைத்தேன். குரலே எழும்பவில்லை.

“பணம் வேணாம் மேடம். வீட்டை மாத்தவும் வேணாம். எங்க வீட்டுக்காரர் என் முகத்தைப் பாக்கறதில்ல. சோறு ஊட்டப் போனா வாயை மூடிக்கறார். சுவத்தைக் காட்டறார், அப்புறம் என்னைக் காட்டறார். நானும் இவளும் சேர்ந்து பேசி வச்சிக்கிட்டு அவரை அங்க உக்கார வச்சிட்டோம்னு நெனைக்கறார். பேச முடிஞ்சா திட்டிட்டுப் போயிடுவார், அதுக்கும் வழியில்ல. இவ கையால, தமிழ்ல, ஒரு வரி எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. எனக்குத் தெரியாது, இவளுக்கு மட்டும்தான் தெரியும்னு. அவருக்கு இவ கையெழுத்து நல்லாத் தெரியும். கொண்டுபோய்க் காட்டிக்கறேன். அது போதும்.”

என்ன நடிப்பு பாருங்கள். உள்ளே ஏசி வேறு அதிகம், நான் இன்ஹேலரை எடுத்து இரண்டு முறை இழுத்துக்கொண்டேன். வீசிங் என்று சொன்னேனே.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். மூன்று மணிக்குள் எழுதிக் கொடுத்து மனுதாரர் ஏற்றுக்கொண்டால் எச்சரிக்கையோடு முடித்துக்கொள்வார்களாம். இல்லாவிட்டால் பதிவு ரத்து. “யோசிச்சு எழுதுங்க, தெரிந்தேங்கற வார்த்தை அதுல இருக்கணும்,” என்றார்.

ஒரு வார்த்தைக்காக. நீங்களே சொல்லுங்கள், நான் யாருக்குக் கெடுதல் செய்தேன்? அந்த ஃப்ளாட் இல்லாவிட்டால் அவள் ஓசூருக்குப் போயிருப்பாள். போய் அங்கே யாரிடம் பேசுவாள்? மருமகளிடமா? நாலு மணிக்கு நான் எங்கே போவது? சோபாவிலிருக்கிறவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், அப்போது தெரியும். அவள் நல்லதுக்குத்தான் சொன்னேன். முழுக்க முழுக்க அவள் நல்லதுக்கு.

எழுத ஆரம்பித்துவிட்டேன், இதோ பாருங்கள். சான்றிதழுக்காக இல்லை. அதுவும்தான், இல்லை என்று சொல்லவில்லை. அண்ணன் பட்டினி கிடக்கிறார் என்கிறாளே, அதற்காக. “அமல்தாஸ் அண்ணனுக்கு, ஹேமா எழுதுவது. பிலோவுக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்து மனையில் கட்டடம் வரும் என்று” என்பதுவரை வந்துவிட்டேன். இந்தப் பத்துப் பன்னிரண்டு வார்த்தைக்கு ஒரு மணி நேரம். அடுத்து “தெ”. அதுவும் எழுதிவிட்டேன். அதற்கடுத்த எழுத்தில்தான் நிற்கிறேன். சின்ன ரியா, பெரிய றியா? உங்களுக்குத் தெரியுமா?

மனுவிலேயே இருக்குமா? இருக்கிறதே, என் மடியிலேயேதான் இருக்கிறது, முதல் பக்கம், நாலாவது வரி. அதைப் பார்த்து எழுத எனக்குத் தெரியாதா? மேல் வரியில் ‘தெரியாது’ என்று நானே எழுதியிருக்கிறேனே என்கிறீர்களா? அது வேறு. நான் காப்பி அடிக்க மாட்டேன். ஒரு வரி எழுதினாலும் கேட்டுத்தான் எழுதிப் பழக்கம்.

என்ன, இருபத்திரண்டா? உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். போய் வாருங்கள். ஃபைலை மறந்துவிட்டீர்கள் பாருங்கள், இந்தாருங்கள். பயப்படாதீர்கள், அந்த அம்மா கடிக்க மாட்டார்.

“பிலோ.”

“ஏய் பிலோ, உன்னைத்தாண்டி. தெரிந்தேக்கு எந்த ரி?”

“பேச வேணாம். திரும்பக்கூட வேணாம். அந்தக் காலண்டரையே பாத்துக்கிட்டு சொல்லு. தப்பா எழுதிக் கொடுத்தா அண்ணன் முன்னாடி நீதான் செவப்பு பேனாவை எடுத்துக்கிட்டு உக்காரணும். மணி ரெண்டே முக்கால் ஆவுதுடி. சின்ன ரியா, பெரிய றியா? சொல்லேன்.”